கரைக்கக் கூடாத கட்டி

உலாத் ஸாலிம்
12 நவம்பர் 1994

தாமூ அக்கா,

இதை யாரிடமும் காட்டாதே. உன் அறையில் தங்கியிருக்கும் பெண்ணிடம்கூட. படித்ததும் அடுப்பில் போட்டுவிடு. இதைச் சொல்லிவிட்டுத்தான் சலாம் சொல்ல முடிகிறது, கோபித்துக்கொள்ளாதே. அஸ்ஸலாமு அலைக்கும். உடம்பு எப்படி இருக்கிறது? மெக்னஸில் குளிர் எலும்பைத் துளைக்குமாமே, கம்பளி இருக்கிறதா?

வாப்பா தூங்கிவிட்டார். போர்வைக்குள் டார்ச்சை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நீ ஜிலாலியைக் கட்டிக்கொள்ள மாட்டேன் என்று அந்த ஆராய்ச்சிப் பண்ணைக்குப் போனதிலிருந்து உன் பெயரை இந்த வீட்டில் யாரும் சொல்லக் கூடாது. தபால் எல்லாம் பெரியப்பா கடைக்குத்தான் வருகிறது. அவர் ஜிலாலியின் வாப்பா ஆயிற்றே. அதனால் கூட்டுறவுச் சங்கத்துத் தீவன லாரி ஓட்டும் கப்பூரிடம் கொடுத்தனுப்புகிறேன். தவிடு ஏற்ற மெக்னஸுக்கு வரும்போது உன் பண்ணை வாசலில் தருவதாகச் சொன்னார். பதிலையும் அவரிடமே கொடு.

மழை இல்லை, அக்கா. கால்வாயில் முறை வைத்துத்தான் தண்ணீர் விடுகிறார்கள். குதிரைமசால் தீவனப் பாத்தி வெளுத்துப்போய்க் கிடக்கிறது. தொழுவத்தில் மர்ஜானாவுக்கு வெறும் வைக்கோல்தான். வாலுக்குப் பக்கத்தில் எலும்பு தெரிகிறது. நேற்று வாப்பா பால் வாளியை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “தின்னுறது ஒரு வண்டி, கறக்கிறது ஒரு டீக் கெண்டி. பெருநாள் முடியட்டும், சந்தைக்கு ஓட்டிர வேண்டியதுதான்.”

உம்மா மெதுவாக, “அப்ப ஹனீயா படிப்பு?” என்றாள்.

“அவளப் படிக்க வைக்கிறது நானா? மாடு. மாடு போனா அவளும் அடுப்படிக்கு வரட்டும்.”

அவர் கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போய்ச் சொன்னார். அதுதான் பயமாக இருக்கிறது. நீ மாடுகளுக்குத் தீவனம் செய்யும் இடத்தில்தானே இருக்கிறாய்? ஏதாவது சொல்.

உன் ஆரோக்கியத்துக்காக துஆ கேட்கும் தங்கை,
ஹனீயா

*

மெக்னஸ்
27 நவம்பர் 1994

என் கண்ணே ஹனீயா,

வ அலைக்கும் ஸலாம். நலமாக இருக்கிறேன், கம்பளி இருக்கிறது. உம்மாவின் தலைவலி எப்படி? நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? உன் கடிதம் எரிந்து சாம்பலாகிவிட்டது, நிம்மதியாக இரு.

மர்ஜானாவுக்கு வைக்கோல் குறைவில்லை. வைக்கோலை உடைக்க ஆள்தான் குறைவு. வைக்கோலைச் செரிக்க வைப்பது மாடு அல்ல, அதன் பெருவயிற்றுக்குள் கோடிக்கணக்கில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள். ரொட்டி மாவுக்குப் புளிப்பு எப்படியோ அப்படி. அந்த உயிர்களுக்கு நைட்ரஜன் வேண்டும். குதிரைமசாலில் அது நிறைய உண்டு, வைக்கோலில் அநேகமாக இல்லை. அவை பட்டினி கிடந்தால் வைக்கோல் வயிற்றில் மூட்டையாகக் கிடக்கும், பால் வற்றும்.

கப்பூரிடம் ஒரு சாக்கு கொடுத்திருக்கிறேன். உள்ளே செங்கல் போலக் கட்டிகள். சர்க்கரை ஆலைப் பாகு, தவிடு, உப்பு, கொஞ்சம் சுண்ணாம்பு, யூரியா சேர்த்து இறுக்கியது. ஆமாம், சர்க்கரை பீட் கிழங்கு வயலில் தூவுகிற அதே வெள்ளை உரம்தான். பயப்படாதே. மாடு நக்கி நக்கித்தான் இதைத் தின்ன முடியும். நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகும். கால்வாய் மடையை ஒரு விரல் அளவு திறந்து வைத்தால் பாத்தி முழுக்க நனையும், மொத்தமாகத் திறந்தால் வரப்பே போய்விடும். அதேதான் இதுவும்.

முதல் வாரம் சிறிது நேரம் மட்டும் நக்கவிடு. வைக்கோல் தின்ற பிறகு வை, பசியோடு இருக்கும்போது வைக்காதே. கன்றுக்குக் காட்டாதே. உடைக்காதே, தூளாக்காதே, தண்ணீரில் கரைக்கவே கூடாது.

காலில் வலி இருக்கிறவர்கள் இந்தக் குளிரில் விடியற்காலையில் ஈர மண்ணில் நடக்காமல் இருந்தால் நல்லது.

முத்தங்களுடன்,
தாமூ

*

உலாத் ஸாலிம்
9 டிசம்பர் 1994

அன்பு அக்கா,

சலாம். உம்மாவின் தலைவலி பரவாயில்லை. உனக்குச் சளி பிடித்திருப்பதாகக் கப்பூர் சொன்னார், நீ ஏன் எழுதவில்லை? தேனும் எலுமிச்சையும் குடி.

காலில் வலி இருக்கிறவர் நான் சொன்னால் கேட்கிறவரா? வாப்பாவை உனக்குத் தெரியாதா?

கட்டிகளைத் தொழுவத்துக்குப் பின்னால் ஓட்டை வண்டிச் சக்கரத்துக்கு அடியில் மறைத்திருக்கிறேன். பள்ளி விட்டு வந்ததும் ஒன்றை எடுத்துத் தொட்டியில் வைப்பேன். முதல் நாள் மர்ஜானா மோந்து பார்த்துவிட்டு, நான் ஏதோ அவளை அவமானப்படுத்திவிட்டது போல முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மறுநாள் நாக்கை ஒரு தரம் நீட்டினாள். அதற்கப்புறம் நான் எடுக்கப் போனால் கொம்பை ஆட்டுகிறாள்.

உம்மா பார்த்துவிட்டாள். “சங்கத்துல குடுத்த உப்புக்கட்டி உம்மா” என்று சொல்லிவிட்டேன். உன்னைச் சொல்ல முடியுமா? அவள் ஒரு துணுக்கை நாக்கில் வைத்துப் பார்த்து, “இனிக்குதே! மாட்டுக்கு இனிப்பு, நமக்கு வாயில மண்ணு” என்று சிரித்துவிட்டு வாப்பாவிடமும் உப்புக்கட்டி என்றே சொல்லிவிட்டாள். இப்போது பொய்யில் இரண்டு பேர். அவளுக்கு அது பொய் என்றே தெரியாது.

யூரியா என்று வாப்பாவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று நினைத்தால் தூக்கம் வரவில்லை. மகள் உரத்தை மாட்டுக்குப் போட்டாள் என்று ஊர் சிரிக்கும். உன் கையால் வந்தது என்று தெரிந்தால் அதைவிட மோசம்.

நீ பெருநாளுக்கு வருவாயா?

ஹனீயா

*

மெக்னஸ்
20 டிசம்பர் 1994

என் ஹனீயா,

சலாமும் துஆவும். சளி போய்விட்டது. கப்பூர் சுளுக்கைக் கேட்டால் எலும்பு முறிவு என்பார், அவர் சொல்வதையெல்லாம் நம்பாதே.

சாணம் எப்படி இருக்கிறது? முழு முழு வைக்கோல் துண்டு குறைந்திருந்தால் கட்டி வேலை செய்கிறது. படுத்துக்கொண்டு அதிக நேரம் அசை போடுகிறாளா?

இன்னொன்று எழுத மறந்துவிட்டேன், இதைப் பயமுறுத்த எழுதவில்லை. யூரியா ஒரேயடியாக உள்ளே போனால் மாடு நடுங்கும், வாயில் எச்சில் வடியும், இடது விலா உப்பும், தள்ளாடும். அப்போது மருத்துவரைத் தேடிக்கொண்டு நிற்காதே. வீட்டில் இருக்கிற வினிகரை எல்லாம் எடு. நிறையக் குளிர்ந்த தண்ணீரில் கலந்து, புட்டியால் வாயோரமாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டு. தலையை அண்ணாந்து தூக்காதே, நுரையீரலுக்குள் போய்விடும். புளிப்பு அந்த நஞ்சை அடக்கும். கட்டியை நக்குகிற மாட்டுக்கு இது வராது. ஆனாலும் தெரிந்து வைத்துக்கொள். உம்மாவிடமும் சொல்லி வை.

அக்கா தாமூ

*

உலாத் ஸாலிம்
18 ஜனவரி 1995

அக்கா, அக்கா, அக்கா!

சலாம். எல்லாரும் நலம். மர்ஜானா மிக மிக நலம்!

இன்று காலை சங்கத்துப் பால் நிலையத்தில் நிறைந்த நம் கேனைத் தூக்கிய ஆள் வாப்பாவிடம், “பூஅஸ்ஸா, கால்வாய்த் தண்ணிய ஊத்திட்டியா என்ன?” என்று கேலி செய்தான். சோதித்துப் பார்த்தால் கொழுப்பும் சரியாக இருந்தது. வாப்பா கேனை வாங்கிக் கழுதை மேல் ஏற்றினார். வரும் வழியில் கழுதையிடம், “கேட்டியாடா, நம்மள யாரும் நம்ப மாட்டேங்கிறான்” என்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எவ்வளவு நாளாயிற்று அவர் கழுதையோடு பேசி!

சாணம் நீ சொன்ன மாதிரியே இருக்கிறது. முதுகில் ரோமம் மினுங்குகிறது.

உம்மாவிடம் வினிகர் விஷயத்தைச் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? உப்புக்கட்டி எந்த மாட்டையாவது கொன்றிருக்கிறதா என்று கேட்பாள். அப்புறம் எல்லாம் வெளியே வரும். நான்தானே வைக்கிறேன், நான்தானே எடுக்கிறேன். ஒன்றும் ஆகாது.

பெருநாளுக்கு வருவாயா என்று கேட்டேனே?

ஹனீயா

*

மெக்னஸ்
29 ஜனவரி 1995

ஹனீயா கண்ணே,

நோன்பு நெருங்கிவிட்டது, எல்லாருக்கும் என் துஆ. உன் கடிதத்தைப் படித்துவிட்டுத் தொழுவத்தில் நின்று சத்தமாகச் சிரித்தேன். எங்கள் தலைமை அதிகாரி, “மாட்டுக்கிட்ட ஜோக் சொல்றியா?” என்று கேட்டார்.

கப்பூரிடம் இன்னொரு சாக்கு அனுப்பியிருக்கிறேன். நோன்பு மாதத்தில் வீட்டு நேரமெல்லாம் மாறும். மாட்டின் நேரம் மாறக் கூடாது. உம்மாவிடம் சொல்லிவிடு. கட்டாயம் சொல்லிவிடு.

கழுதை வேறு என்ன கேட்டது?

தாமூ

*

உலாத் ஸாலிம்
22 பிப்ரவரி 1995

அக்கா,

எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். சலாம். மர்ஜானா உயிரோடு இருக்கிறாள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நேற்று எனக்குக் காய்ச்சல். மாலையில் தொழுவத்துக்குப் போகவில்லை. நோன்பு வந்ததிலிருந்து உம்மாவுக்குப் பகலில் தெம்பு இல்லை, மாட்டுக்கும் பாதி நாள் தீவனம் தள்ளிப்போகிறது. நேற்று மத்தியானத்திலிருந்து மர்ஜானா வெறும் வயிற்றோடு நின்றிருக்கிறாள். நோன்பு திறக்க உம்மா அத்திப்பழத்தை வெந்நீரில் ஊற வைத்தாள். அப்போது மாட்டின் மேல் இரக்கம் வந்துவிட்டது. நாம் எல்லாரும் இனிப்போடு நோன்பு திறக்கிறோம், நமக்குப் பால் தருகிறவள் மட்டும் கல்லை நக்கிக்கொண்டு நிற்பதா என்று ஒரு முழுக் கட்டியை உடைத்து, அதே வெந்நீரில் கரைத்து, வாளியோடு வைத்துவிட்டாள். ஒரு சொட்டு மிச்சமில்லை.

வாப்பா இரவுத் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போயிருந்தார். மர்ஜானா கத்தினாள், அக்கா. அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதே இல்லை. ஓடிப் பார்த்தால் கால்கள் வெட்டி வெட்டி நடுங்குகின்றன, வாயில் கயிறு மாதிரி எச்சில். உம்மா, “கண்ணு பட்டிருச்சு! சாம்பிராணி போடு!” என்று அழுகிறாள். நான் வாளியை மோந்து பார்த்தேன். புரிந்துவிட்டது.

வினிகர் புட்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன். பத்தவில்லை. அண்டை வீட்டு மஹ்ஜூபாவின் கதவை இடித்தேன். “வினிகர் வேணும், இருக்கிறதெல்லாம் வேணும், மாட்டுக்கு!”

“மாட்ட ஊறுகா போடப் போறியாடி?” என்று கேட்டுக்கொண்டே இரண்டு கையிலும் புட்டியோடு ஓடி வந்தாள். எலுமிச்சை ஊறிக்கொண்டிருந்த ஜாடியில் இருந்ததைக்கூட வடித்துக் கொண்டுவந்தாள். இரண்டு பேர் தலையைப் பிடிக்க, நான் வாயோரமாக ஊற்றினேன். கிணற்றுத் தண்ணீர், வினிகர், மறுபடி தண்ணீர். மர்ஜானா என் கையைக் கடித்தாள், வலிக்கவே இல்லை. இடது விலா பறை மாதிரி இருந்தது. நீ எழுதியதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஊற்றினேன். தலையை அண்ணாந்து தூக்காதே, தூக்காதே என்று.

ரொம்ப நேரம் கழித்து ஓர் ஏப்பம் விட்டாள். எங்கள் மூன்று பேர் முகத்திலும் அடித்தது. மஹ்ஜூபா முகத்தைத் துடைத்துக்கொண்டு, “அல்ஹம்துலில்லாஹ்! என் புருஷன் விட்டா திட்டுவேன், இதுக்கு நன்றி சொல்ல வேண்டியிருக்கு” என்றாள். நாங்கள் சிரித்தோமா அழுதோமா என்று தெரியவில்லை.

வாப்பா வந்தபோது தொழுவம் முழுக்கப் புட்டி. மாட்டின் விலாவில் காதை வைத்துக் கேட்டார். பிறகு உடைந்து கிடந்த கட்டித் துணுக்கை எடுத்து, ஜெல்லாபா அங்கியின் தலைக்கூட்டில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

என்ன செய்யட்டும்? சீக்கிரம் எழுது.

ஹனீயா

*

உலாத் ஸாலிம்
7 மார்ச் 1995

அன்பு அக்கா,

சலாம், பெருநாள் வாழ்த்துகள். நீ நலம்தானே? கப்பூர் வெறுங்கையோடு வந்தார். வாசலில் நீ இல்லையாம், கடிதத்தைக் காவல்காரனிடம் கொடுத்தாராம். உடம்புக்கு ஏதாவதா? என் மேல் கோபமா? கோபம் என்றால் திட்டியாவது எழுது.

மர்ஜானா தின்கிறாள். முதலில் குறைந்த பால் மறுபடி ஏறிவிட்டது. கட்டி மட்டும் வைப்பதில்லை. சாக்கு இருந்த இடத்தில் இல்லை. யார் எடுத்தது என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

உம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அடிப்பாள் என்று நினைத்தேன். “தாமூ செஞ்சதா?” என்று மட்டும் கேட்டுவிட்டு, வாளியைக் கழுவினாள், மறுபடி கழுவினாள், காய்ந்த பிறகும் கழுவினாள். அவள் உன் பெயரைச் சொல்லிக் கேட்டு எத்தனை காலமாயிற்று.

பெருநாள் அன்று வாப்பாவின் கையை முத்தமிடப் போனேன். தலையில் கை வைத்தார், முகத்தைப் பார்க்கவில்லை. சந்தை மறுபடி கூடுகிறது.

எழுது, அக்கா.

ஹனீயா

*

மெக்னஸ்
19 மார்ச் 1995

என் உயிரே ஹனீயா,

வ அலைக்கும் ஸலாம். நலமாக இருக்கிறேன். கோபம் இல்லை. உன் கடிதங்கள் இரண்டும் கிடைத்தன. எழுதி எழுதிக் கிழித்தேன். நான் செய்த கட்டி நம் வீட்டு வாசலில் ஒரு பிணத்தைப் போட்டிருக்கும் என்று நினைத்தபோது, உனக்கு அறிவுரை சொல்ல எனக்கு என்ன தகுதி என்று தோன்றிவிட்டது. நீ பயத்தில் இருப்பாய் என்று யோசிக்காமல் போனேன். மன்னித்துவிடு.

இந்தக் கடிதம் கப்பூரிடம் வரவில்லை. கொண்டுவருகிறவர் வாப்பா.

நேற்று மத்தியானம் காவல்காரன் வந்து, “வைக்கோல் விக்க ஒரு பெரியவர் வந்திருக்கார், போகச் சொன்னா போக மாட்டேங்கிறார்” என்றான். போய்ப் பார்த்தேன். வாப்பா. பஸ்ஸில் வந்து, அங்கிருந்து சேற்றில் நடந்து வந்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் சலாம்கூடச் சொல்லவில்லை. தலைக்கூட்டிலிருந்து அந்தத் துணுக்கை எடுத்து நீட்டினார்.

“இதுல என்ன போட்ட?”

சொன்னேன். யூரியாவையும் சொன்னேன்.

“தெரியும். நாக்குல வச்சுப் பாத்தேன். முப்பது வருசமா பீட்டுக்குத் தூவுறேன், எனக்குத் தெரியாதா?”

“எப்பத்திலிருந்து தெரியும் வாப்பா?”

“முதல் சாக்கு வந்ததிலிருந்து. கப்பூருக்கு ஒரு டீ வாங்கிக் குடு, கபர்க்குழில இருக்கிறவன் ரகசியத்தையும் சொல்லுவான்.”

அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது, ஹனீயா. நீ பள்ளிக்குப் போன பிறகு, கட்டியைப் பனி படாமல் சாக்கைப் போட்டு மூடி வைத்ததே அவர்தானாம். இப்போது கட்டிகளை எடுத்து வைத்திருப்பதும் அவர்தான். நான் சொல்ல வாயெடுத்தேன், ஜிலாலியைப் பற்றி, போனதைப் பற்றி. கையைக் காட்டி நிறுத்திவிட்டார். “அதப் பேச வரல.” சரி, அதைப் பேசவில்லை. இன்றும் பேசவில்லை. எப்போதாவது பேசுவோமா, தெரியாது.

பிறகு கேட்டார். “அன்னைக்கு ராத்திரி வினிகர்னு சின்னவளுக்கு எப்படித் தெரியும்?”

“நான் எழுதியிருந்தேன்.”

அருகில் நின்ற மாட்டின் விலாவைத் தடவிக்கொடுத்தார். “நல்லா எழுதியிருக்க” என்றார்.

அவ்வளவுதான் சொன்னார்.

அப்புறம் பண்ணை முழுக்கச் சுற்றினார். எங்கள் தலைமை அதிகாரியிடம், “இந்த வைக்கோல எங்க ஊர்ல கூரைக்குக்கூடப் போட மாட்டோம்” என்று சண்டை பிடித்தார். அதிகாரிக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது. கட்டி செய்வதைக் கடைசிவரை பார்த்துவிட்டு, பெருமூச்சு விட்டு, “பாதிதான் விளங்குது. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வர்றப்ப ஊர்ல எல்லாருக்கும் நீயே சொல்லு. சங்கத்துக்காரனுக்கும் சொல்லு” என்றார். வா என்று சொல்லவில்லை, வர்றப்ப என்றார். நீ இரண்டு முறை கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லாமல் இருந்தது. இப்போது இருக்கிறது. வருகிறேன்.

மர்ஜானாவை விற்கப்போவதில்லை. கேட்டேன். “சின்னவ ஓடி வந்து புட்டியப் புடிக்கலன்னா இன்னைக்கு விக்கத் தோல்தான் இருந்திருக்கும். படிச்சது வீண் போகல. படிக்கட்டும்.” இது வாப்பாவின் வாயிலிருந்து வந்தது, ஒரு சொல்லைக்கூட நான் கூட்டவில்லை.

ஒரு மண் கிண்ணத்தில் வெண்ணெய் கொண்டுவந்தார், மர்ஜானாவின் வெண்ணெய். உம்மாவுக்குத் தெரியாமல் எடுத்தாராம். நானும் வாப்பாவும் ரொட்டியில் தடவிச் சுவர் ஓரமாக உட்கார்ந்து சாப்பிட்டோம். கிண்ணத்தை வழித்துவிட்டார்.

நாளை விடியற்காலை பஸ் ஏற்றிவிடுகிறேன். வீடு வந்து சேர இரவாகிவிடும். இந்தக் கடிதத்தை உன் கையிலேயே தருவதாகச் சொன்னார். நீ தூங்கியிருந்தால் காலையில் கொடுங்கள் என்றேன். “அவ எங்க தூங்குறா? டார்ச்சு வெளிச்சம் கதவிடுக்குல தெரியும்” என்றார்.

திறந்துவிடு, பயப்படாதே.

உன் அக்கா,
தாமூ

*

உலாத் ஸாலிம்
20 மார்ச் 1995

அக்கா,

சலாம். நீ எப்படி இருக்கிறாய் என்றுகூடத் தெரியாமல் எழுதுகிறேன். இதையும் யாரிடமும் காட்டாதே.

வாப்பா இரண்டு நாளாக வீட்டில் இல்லை. முந்தாநாள் இருட்டோடு புறப்பட்டார், எங்கே என்று சொல்லவில்லை. நல்ல ஜெல்லாபாவைப் போட்டுக்கொண்டு போயிருக்கிறார். பெரியப்பா கடையில் சொன்னார்களாம், தூரத்துச் சந்தையில் மாட்டுக்கு நல்ல விலை கிடைக்கிறது, ஆள் பார்த்து வரத்தான் போயிருப்பார் என்று. உம்மாவுக்கு வேறு கோபம். பானையில் வைத்திருந்த வெண்ணெய் கிண்ணத்தோடு காணோம். பூனையைத் துடைப்பத்தால் அடித்துத் துரத்திவிட்டாள். கிண்ணத்தோடு தின்கிற பூனை எங்கே இருக்கிறது என்று கேட்டேன், எனக்கும் ஓங்கினாள்.

நான் மர்ஜானாவிடம் போய் நின்றேன். விலாவில் கை வைத்தேன். உள்ளே குடகுடவென்று வேலை நடந்துகொண்டிருக்கிறது. இவளை வாங்குகிறவர்களுக்கு யார் சொல்லித் தருவார்கள், பசியோடு வைக்காதே, கரைக்காதே என்று? ஒரு தாளில் எழுதி அவள் கழுத்துக் கயிற்றில் கட்டிவிடலாமா என்று யோசித்தேன். என் பள்ளிப் பையை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டேன், அவர் சொல்வதற்கு முன்னால் நானே வைத்தால் அழுகை குறைவாக வரும் என்று. அப்படி ஒன்றும் குறையவில்லை.

நீ எழுதாதது எதற்காக இருந்தாலும் சரி, எனக்கு ஒன்றே ஒன்று சொல். நான் அன்று உம்மாவிடம் முதலிலேயே சொல்லியிருந்தால்

வாசல் கதவு திறக்கிறது. வாப்பாவின் இருமல். உம்மா ஏதோ கேட்கிறாள், அவர் நேராக இந்தப் பக்கம்தான் வருகிறார். டார்ச்சை அணைத்துவிட்டால் எழுத முடியாது, அணைக்காவிட்டால்

என் கதவைத் தட்டுகிறார் அக்கா, மெதுவாகத்தான் தட்டு